கிணற்றடியும் காணிக்காரரும்

யாழ்ப்பாணத்திலே வாடகைக்கு அறை தேடிச் செல்லும் மாணவர் எவரும் முதல் நாளிலேயே ஓர் எச்சரிக்கைப் பட்டியலைச் செவிமடுத்தாக வேண்டும். தண்ணீர் மோட்டாரை நெடுநேரம் ஓடவிட வேண்டாம். கிணற்றுக்கட்டிலே உடுப்புத் தோய்க்க வேண்டாம். இரவு பத்து மணிக்குப் பின் மின்விளக்கு எரிய வேண்டாம். மலகூடத்தில் தண்ணீரை வீணாக்க வேண்டாம். வளவிலுள்ள மாங்காயிற் கைவைக்க வேண்டாம். வீட்டுக்காரர் இவற்றைச் சிலவேளை வாயாற் சொல்வார். சிலவேளை கடதாசியில் எழுதிக் கிணற்றடிச் சுவரில் ஒட்டியிருப்பார். கேட்பவர் தலையாட்டிவிட்டுப் பெட்டியை இறக்கிவைப்பார். இதிலே ஆராய என்ன இருக்கிறது என்று வாசகர் வினவலாம்.

நிறைய இருக்கிறது என்பதே நமது எண்ணம். இருப்பிடத்திற்குரிய வசதிகளைக் குடியிருப்போர் துர்ப்பிரயோகம் செய்யக்கூடாது என்னும் எச்சரிக்கை, குடாநாட்டில் நேற்றுத் தோன்றியதன்று. அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்குக் குறையாத வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் பெரும்பகுதியிலே தடுக்கப்பட்டது துர்ப்பிரயோகமன்று, பிரயோகமேதான். கிணற்றைக் கெடுக்காதே என்றல்ல, கிணற்றைத் தொடாதே என்றே அன்று சொல்லப்பட்டது.

குடாநாட்டில் வற்றாது ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறு என்று பெயர்பெற்றது மாரிகாலத்தில் மட்டும் ஓடி ஓய்வது. மக்களின் உயிர்நாடி நிலத்தடியே. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் இறங்கித் தங்கும் மழைநீர், கீழிருந்து ஊடுருவும் உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கின்றது. அளவோடு இறைத்தால் நல்ல தண்ணீர். அளவு மீறினால் உப்புத் தண்ணீர். வலிகாமத்தின் செம்பாட்டு மண்ணிலே நன்னீர்க் கிணறுகள் மலிந்துள்ளன. தீவகத்திலும் வடமராட்சி, தென்மராட்சி ஆகியவற்றின் பல பகுதிகளிலும் குடிக்கத்தக்க கிணறு ஊருக்கு ஒன்றிரண்டாகச் சுருங்கிவிடும். எனவே நல்ல கிணறு எவருடைய வளவுக்குள் அகப்பட்டதோ அவருடைய வேலியே ஊரின் அதிகார எல்லையாயிற்று. ஆற்றங்கரை நாடுகளிலே தண்ணீருக்கு அரசன் அதிபதி. கிணற்று நாட்டிலோ காணிக்காரர் ஒவ்வொருவரும் சிற்றரசர்.

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளைப் படித்தவர்கள் ஒரு தொடரை மறந்திருக்க மாட்டார்கள். காணியின் பரப்பும் நாற்புற எல்லையும் கூறியபின், பக்கத்துக் காணியில் நிற்கும் கிணற்றிற் பங்கும், வழி வாய்க்காலும், தண்ணீர் அள்ளும் உரித்தும் இந்தக் காணிக்குச் சேர்ந்தவை என்று எழுதப்பட்டிருக்கும். தந்தையின் காணி நான்காகப் பிரிந்தால் கிணறும் நான்கு பங்காகும். மறு தலைமுறையில் அது பதினாறு பங்காகவும் கூடும். கிணற்றை வெட்டிப் பகிர முடியாது. ஆகவே நாளைப் பகிர்ந்தார்கள். இன்ன கிழமையில் இன்னார் முறை என்று இறைப்பு நடந்தது. முறை தவறியமைக்காக வழக்காடிய சகோதரர்கள் எத்தனை பேர் என்பதை யாழ்ப்பாணத்து நீதிமன்றங்களே அறியும். இது சிக்கனமும் சாமர்த்தியமும் நிறைந்த ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் உறுதி உள்ளவனுக்கே பங்கு. உறுதியில்லாமல் அதே காணியில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவனுக்கு அந்தப் பதினாறிலே ஒரு துளியும் இல்லை.

ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில், 1707ஆம் ஆண்டில், கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி இந்நாட்டு வழமைகளைத் திரட்டி எழுதினார். யான் பிறுஸ் என்பவர் அதைத் தமிழில் ஆக்க, முதலிமார் பன்னிருவர் படித்துப் பார்த்துச் சரியென ஒப்பினர். அதுவே தேசவழமை. ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்ட வலு அளித்தனர். அதன் கூறுகள் சில இன்றும் யாழ்ப்பாணத் தமிழரின் சொத்துரிமையை ஆள்கின்றன. சரிபார்த்த பன்னிருவரும் யாவர்? முதலிமார். அவர்களுடைய காணியிலே குடியிருந்தவன் எவனும் அந்த அவையில் அமர்ந்து, ஆம், எங்கள் வழமை இதுதான் என்று ஒப்பமிடவில்லை. ஒரு நாட்டின் வழமை என்று நாம் போற்றுவது பெரும்பாலும் அந்நாட்டின் உடைமையாளரின் ஞாபகமே.

தேசவழமையில் இரு பகுதிகள் நமது பொருளுக்கு இன்றியமையாதவை. ஒன்று, பிறர் நிலத்திலே ஒருவர் மரம் நட்டு வளர்த்தால் பயன் எவ்வாறு பகிரப்படும் என்பது. கன்றுகள் நட்டவருடையவையாயின் அவருக்கு மூன்றில் இரண்டு பங்கும் நிலத்துக்குரியவருக்கு ஒரு பங்கும். கன்றுகளை நிலத்துக்குரியவரே கொடுத்திருந்தால் நட்டவருக்கு ஒரு பங்கு மட்டும். உழைப்புக்கு உரிமை உண்டென்று ஒப்புக்கொள்ளும் இவ்விதி நியாயமானதுதான். மற்றைய பகுதி அடிமைகளைப் பற்றியது. நான்கு குலத்தவரை அடிமைகளாகக் குறித்து, அவர்களை வைத்திருத்தல், விடுவித்தல், அவர்களின் முதுசம் எவருக்குச் சேரும் என்பனவற்றை அது கூறுகின்றது. ஒரே நூலிலே, மரத்தை நட்டவனுக்குப் பங்கும் உண்டு. நட்டவனையே பங்கிடும் விதியும் உண்டு.

அடிமை முறையை 1844ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் முற்றாக ஒழித்தது. சட்டம் விலங்கை அறுத்தது. ஆனால் கால் வைக்க நிலம் கொடுக்கவில்லை. விடுதலை பெற்றவர்கள் எங்கே போவார்கள்? முன்பு எந்த வளவின் ஓரத்திலே குடிசை போட்டிருந்தார்களோ அதே ஓரத்திலேயே தங்கினார்கள். முன்பு அடிமை என்று பெயர். பின்பு குடி என்று பெயர். பணமாக வாடகை கொடுத்தவர் சிலர். ஏனையோர் புகையிலைத் தோட்டத்தில் உழைத்தும், பனையேறியும், வேலியடைத்தும், நல்லது கெட்டதுகளில் தொண்டு செய்தும் அந்தக் குடியிருப்புக்கு ஈடு கொடுத்தார்கள். இவ்வுறவில் எழுத்து இல்லை, பற்றுச்சீட்டு இல்லை, எச்சரிக்கை மட்டுமே உண்டு.

அந்த எச்சரிக்கைகளின் உள்ளடக்கத்தைக் கிராமத்து முதியவர்கள் இன்றும் சொல்லக் கேட்கலாம். கல்வீடு கட்டக்கூடாது, ஓடு போடக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, தென்னம்பிள்ளை வைக்கக்கூடாது. இவற்றை வெறும் சாதித்திமிர் என்று தள்ளிவிட்டால் பாதி உண்மையையே கண்டவர்களாவோம். திமிருக்குப் பின்னால் சட்ட அறிவு ஒளிந்திருந்தது. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, பிறருடைய காணியை எதிருரிமையாகப் பத்து ஆண்டுகள் இடையூறின்றி ஆண்டவர் அதற்கு உரித்துக் கோரலாம். அனுமதி பெற்று இருப்பவருக்கு அந்த உரித்து இலகுவில் வாராது என்பது மெய். ஆயினும் கல்வீடும் கட்டுக்கிணறும் காய்க்கும் தென்னையும் நீதிமன்றத்திலே பேசவல்ல சாட்சிகள். ஓலைக் குடிசையோ ஆண்டுதோறும் வேயப்படுவது. பிரித்தால் ஒரு நாளில் மறைந்துவிடும். நட்டவனுக்குப் பங்கு என்று தேசவழமை சொன்னபடியால் நடவே விடாமற் பார்த்துக்கொண்டார்கள். உரிமை தரும் விதி எதுவோ அதுவே தடைக்குக் காரணமாயிற்று. சட்டக் கல்லூரிக்குப் போகாத காணிக்காரரும் இந்தச் சூட்சுமத்தை நன்கறிந்திருந்தார். அவருக்குப் புறக்டர் ஒருவர் உறவினராக இருந்தார்.

கிணறு வெட்டத் தடை என்றால் தண்ணீருக்கு வழி? ஒடுக்கப்பட்ட மக்களின் பெண்கள் குடத்தோடு நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குச் சற்றுத் தொலைவிலே நிற்பார்கள். கிணற்றுக்குரிய சாதியார் எவரேனும் வந்து, தமக்கு அள்ளிக்கொண்டபின், மனம் இருந்தால் ஒரு வாளி அள்ளி உயரத்திலிருந்து குடத்தில் ஊற்றுவார்கள். மனம் இல்லாவிட்டால் நிற்கவேண்டியதுதான். வேலைக்குப் போகும் தாய், பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளை, காய்ச்சலிற் கிடக்கும் கிழவி எல்லாருடைய நேரமும் அந்தக் கிணற்றடியிலே உருகிக்கொண்டிருந்தது. பிள்ளை பிந்திவந்த காரணத்தை அறியாமலே பிரம்பை எடுத்த ஆசிரியர்களும் அன்று இருந்திருப்பார்கள். டொமினிக் ஜீவா தமது முதற் சிறுகதைத் தொகுதிக்குத் தண்ணீரும் கண்ணீரும் என்று பெயர் வைத்து 1960இல் வெளியிட்டபோது, அப்பெயர் வெறும் ஓசை நயத்திற்காக அமைந்ததன்று.

இங்கே ஒரு முரண்பாட்டை நாம் குறிக்கத் தவறலாகாது. அதே கிணற்றிலிருந்து புகையிலைக்கும் மிளகாய்க்கும் தண்ணீர் இறைத்தவர்கள் யார்? துலாவின் மேலேறி முன்னும் பின்னுமாக நடந்து மிதித்தவர்களும், கீழே நின்று பட்டையைக் கவிழ்த்தவர்களும், வாய்க்கால் ஓரம் நின்று பாத்தி மாறியவர்களும் பெரும்பாலும் அந்தக் குடிகளே. விடியுமுன் தொடங்கிய இறைப்பு வெயில் ஏறும்வரை நடக்கும். பயிருக்கு ஊற்றும்போது தீட்டுப்படாத தண்ணீர் குடத்திற்கு மொள்ளும்போது மட்டும் தீட்டுப்பட்டது. இந்த விந்தையை விளக்க எந்த ஆகமமும் முன்வரவில்லை. உழைப்புக்காகக் கிணற்றடிக்கு வரலாம். உரிமையாக வரலாகாது என்பதே அதன் பொருள். இதுவே தீண்டாமையின் பொருளாதார இலக்கணம் என்று நாம் கருதுகிறோம்.

பின்னர் மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் தோட்டந்தோறும் அது பரவிற்று. துலா மிதிப்போரின் முதுகெலும்பை அது காத்தது என்பது உண்மை. விஞ்ஞானத்தை நாம் பழிக்கமாட்டோம். ஆனால் இறைப்புக்கு ஆள் வேண்டாத நாளிலே, இறைப்பதற்காக வளவோரத்தில் வைத்திருந்த ஆளும் வேண்டாதவராயினர். பழைய கட்டின் கொடுமை தளர்ந்தது. அதனோடு ஒட்டியிருந்த குடியிருப்பும் தளர்ந்தது. காணியின் விலையும் ஏறிற்று. இவ்வாறு எழும்பிப் போகச் சொல்லும் காலம் தொடங்கிற்று.

சட்டங்கள் இயற்றப்படாமலில்லை. முதல் உலக யுத்தக் காலத்தில், 1915இல், ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துத் தொழிலாளர் குடும்பங்கள் வாடகை கொடுக்க மறுத்துக் கிளர்ந்தன. மேரி பார்பர் போன்ற பெண்கள் அதை முன்னின்று நடத்தினார்கள். அவ்வாண்டே பிரித்தானிய அரசு வாடகையைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை நிறைவேற்ற நேர்ந்தது. இலங்கையிலே இரண்டாம் யுத்தக் காலத்தில் 1942இலும், சுதந்திரம் வந்த 1948இலும், பின்னர் 1972இலும் வாடகைச் சட்டங்கள் தோன்றின. 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் நமது பொருளை நேரே தொடுவது. ஏற்கெனவே அளித்துவந்த வசதிகளை, குடியிருப்பவரின் எழுத்து மூலமான சம்மதமின்றி, வீட்டுக்காரர் நிறுத்திவைக்கக்கூடாது என்று அது கூறுகின்றது. அதே சட்டம், வீட்டைப் பாழாக்கியவரையும் அயலாருக்குத் தொல்லையானவரையும் வெளியேற்ற வழக்கிட வீட்டுக்காரருக்கும் இடமளிக்கின்றது. எச்சரிக்கை எது, தண்டனை எது, அதை விதிக்க வேண்டியவர் யார் என்பவற்றை இது பிரித்துக் காட்டியது. தண்ணீரை நிறுத்தித் தண்டிக்கும் அதிகாரம் வீட்டுக்காரரிடமிருந்து எடுக்கப்பட்டது. நல்ல சட்டம்.

ஆனால் அது கட்டிடத்தைப் பற்றிய சட்டம். வாடகைக்கு விடப்பட்ட கட்டிடமும் அதனோடு சேர்ந்த நிலமுமே அதன் பொருள். பிறர் காணியில் தானே தடி ஊன்றித் தானே ஓலை வேய்ந்து குடியிருப்பவன் எந்தக் கட்டிடத்தை வாடகைக்கு எடுத்தான்? அவன் சட்டத்தின் கண்ணிலே வாடகைக் குடியிருப்பாளனுமல்லன். 1958இல் பிலிப் குணவர்த்தனா கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்பு அளித்தது. அது வயலுக்கு உரியது, புகையிலைத் தோட்டத்திற்கும் குடிசை வளவுக்கும் உரியதன்று. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தம் 50 ஏக்கருக்கு மேற்பட்ட மேட்டு நிலத்தைக் கைப்பற்றிற்று; பரப்புக் கணக்கிலே காணி அளக்கும் யாழ்ப்பாணத்தில் 50 ஏக்கருக்கு எங்கே போவது? பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். பத்துப் பரப்புக்காரரும் இங்கே ஊரை ஆட்டிப்படைக்கலாம். தெற்கிலே பெரிய தோட்டத்துரைகளுக்கென்று தைத்த சட்டை இந்தச் சிற்றரசர்களுக்குப் பொருந்தவில்லை.

கடலுக்கு அப்பால் நடந்ததை ஒப்பிடாதிருக்க முடியவில்லை. தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளரின் குடும்பத்தவர் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டனர். பெண்களும் குழந்தைகளுமே மிகப் பலர். 1971இல் தமிழ்நாட்டிலே குடியிருப்பு அனுபோகதாரர் சட்டம் வந்தது. நிலக்காரரின் காணியில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளருக்கு அந்தக் குடிசை நின்ற மண்ணையே அது உரித்தாக்கிற்று. அச்சட்டம் அங்கே முழுமையாக நிறைவேறியதா என்பது வேறு விவாதம். அதற்கு நிகரான ஒன்றைக் குடாநாட்டின் வளவோரத்துக் குடிகளுக்காக இலங்கைப் பாராளுமன்றம் இயற்றவில்லை. தமிழர் உரிமைக்காக அங்கே முழங்கிய நம்மவர்களும் அதனைத் தம் கோரிக்கைப் பட்டியலின் முன்வரிசையில் வைக்கவில்லை.

சாதிக் கொடுமையை நேரே எதிர்த்த சட்டம் 1957இல் வந்தது. சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் என்று பெயர். அது பொதுவிடங்களை நோக்கியது. ஒன்பது ஆண்டுகள் அது பெரும்பாலும் கடதாசியிலே உறங்கியது. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், பின்னர் தோன்றிய தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கமும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலிலே நடந்த போராட்டமுமே அதற்கு உயிர் கொடுத்தன. தேநீர்க் கடைகள் திறந்தன. கோவில்கள் பல திறந்தன. 1971இல் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனையும் கூட்டப்பட்டது. இந்த வெற்றிகளைக் குறைத்து மதிப்பிடுவது நமது நோக்கமன்று. ஆனால் தேநீர்க் கடையின் கதவு தெருவை நோக்கி இருந்தது. அதன் முன்னே ஆயிரம் பேர் கூடலாம். கிணறோ வேலிக்குள் இருந்தது. 1927 மார்ச்சிலே மகாத் நகரில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு சென்று நீர் அருந்திய சவுதார்க் குளம் பொதுக் குளம். யாழ்ப்பாணத்து நல்ல தண்ணீர்க் கிணறு பொதுக் கிணறன்று. உறுதியில் எழுதப்பட்ட தனிச்சொத்து. சொத்துரிமை என்னும் வேலிக்குப் பின்னால் சாதி பதுங்கிக்கொண்டது.

பின்னர் யுத்தம் வந்தது. வேலிகளையெல்லாம் அது பிடுங்கி எறிந்தது என்று எண்ணத் தோன்றும். 1990 யூனில் வலிகாமம் வடக்கு மக்கள் பெயர்க்கப்பட்டார்கள். நிலமுள்ளவரும் நிலமில்லாதவரும் ஒருங்கே அகதிகளாயினர். பிற்காலத்தில் சுன்னாகம், மல்லாகம், கோணப்புலம் முதலிய இடங்களிலே நலன்புரி முகாம்கள் அமைந்தன. அவற்றுட் பல தனியார் காணிகளில் நின்றன. யுத்தம் 2009இல் முடிந்து ஆண்டுகள் பல கழிந்தபின்னும் முகாம்களிலே எஞ்சியிருந்தவர்கள் யாவர் என்று பார்த்தால், திரும்பிப் போகச் சொந்தக் காணி இல்லாதவர்களே கணிசமானோர். ஒடுக்கப்பட்ட மக்களும் கடற்றொழிலாளருமே அவர்களிற் பலர். இரவல் நிலத்திலே, பொதுக் கிணற்றையும் பொது மலகூடத்தையும் நம்பி, ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. காணிக்காரரும் தம் காணியைத் திருப்பிக் கேட்டனர். அவர்களுள்ளும் ஏழைகள் இருந்தார்கள். அவர்கள் கேட்டதில் தவறில்லை. இருசாராரையும் ஒருவரோடொருவர் மோதவிட்டு, இருவருடைய நிலத்தையும் படைமுகாமுக்காக வைத்துக்கொண்ட அரசு தூர நின்றது.

இனி, தொடக்கத்திற் கூறிய மாணவரின் அறைக்கு வருவோம். திருநெல்வேலியில் 1974இல் தொடங்கிய வளாகம் 1979இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாயிற்று. அதைச் சுற்றியுள்ள ஊர்களில் அறை வாடகை ஒரு சீவனோபாயமாக வளர்ந்தது. வாடகைக்கு விடுவோர் எல்லாரும் பழைய காணிக்காரரின் வாரிசுகள் என்று சொல்வது வரலாற்றைக் கேலிச்சித்திரமாக்குவதாகும். பிள்ளைகள் கனடாவிலோ லண்டனிலோ இருக்க, தனித்துப்போன விதவைத் தாய். ஓய்வூதியத்தில் மருந்துச் செலவைச் சமாளிக்க முடியாத பழைய ஆசிரியர். இவர்களும் வீட்டுக்காரர்கள்தாம். மின்கட்டணம் 2022 ஓகஸ்ட்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்ந்தது. அலகு கூடக்கூட விலையும் கூடும் முறை நம்முடையது. ஒரே மானியில் வீட்டாரும் அறையாரும் மின்சாரம் எடுத்தால், அறையாரின் பாவனை முழுவதும் மேற்படியிலே ஏறி நிற்கும். கடுங்கோடையிலே மோட்டாரை ஓடவிட்டால் கிணறு உவர்க்கும். கிணற்றுக்கு அருகே மலக்குழி அமைந்துவிட்ட சிறு வளவுகளில் தண்ணீரைப் பற்றிய கவலை ஆரோக்கியத்தைப் பற்றிய கவலையுமாகும். அந்தத் தாய் இரவிலே விளக்கை அணைக்கச் சொல்வதைக் கொடுமை என்று நாம் எழுதமாட்டோம்.

எனினும் மாணவர் சிலர் சொல்லும் அனுபவங்களை ஒதுக்கவும் முடியாது. அறை தருமுன் ஊர் எது, தகப்பனின் தொழில் எது, எந்தக் கோவிலடி என்று வரும் விசாரணைகள் மின்கட்டணத்தைப் பற்றியவையல்ல. விடைகளைக் கேட்டபின் அறை எடுபட்டுவிட்டது என்று வரும் பதிலும் கிணற்றின் உவர்ப்பைப் பற்றியதன்று. பழைய எச்சரிக்கை புதிய எச்சரிக்கையின் உடையை அணிந்து வருகின்றது. எது எது என்று பிரித்தறிவது ஆசிரியரும் மாணவரும் தாமே செய்யவேண்டிய வேலை.

தண்ணீரைத் துர்ப்பிரயோகம் செய்தவர்களைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லவேண்டும். குடத்தோடு நின்ற பெண்ணுக்கும், உடுப்புத் தோய்க்கும் மாணவனுக்கும் விடுத்த எச்சரிக்கைக்கு நம்மிடம் குறைவில்லை. சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் நிலத்தடியிற் கலந்து சுற்றயற் கிணறுகள் நாறியபோது எச்சரித்தவர் யார்? மக்கள் வீதிக்கு வந்து, வழக்கும் தொடுத்து, 2019 ஏப்ரலிலேயே உயர் நீதிமன்றம் தனியார் மின்கம்பனியொன்றை 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தப் பணித்தது. நூறு துலாக்கள் நூறு ஆண்டுகள் இறைத்தும் செய்யாத கேட்டை எண்ணெய் சில ஆண்டுகளிலே செய்தது.

2024 ஓகஸ்ட்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குடாநாட்டின் வீதிகளிலே குழாய்கள் புதைக்கப்பட்டன. கடல் எவருடைய உறுதியிலும் இல்லை. அதிலிருந்து வரும் தண்ணீருக்குப் பங்கோ முறையோ கிடையாது. குடத்தோடு நிற்கவேண்டிய தேவையும் இல்லை. இது சிறிய மாற்றமன்று. ஆனால் குழாய் வீதியோடு போகிறது; வீட்டுக்குள் வருவதற்கு விண்ணப்பம் எழுதவேண்டும். அந்த விண்ணப்பத்தோடு காணி உரித்தைக் காட்டும் பத்திரமோ, அல்லது காணிக்காரரின் சம்மதக் கடிதமோ கேட்கப்படுவது வழக்கம். பிறர் வளவின் ஓரத்திலே இன்றும் குடியிருக்கும் குடும்பம், அந்தக் கடிதத்திற்காக அதே படலையடியில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.